பழைய ஹெரால்டின் தகடும் தத்லீஸ் எனும் குற்றமும்

மரக்காணம் கடலோரத்தில் இரும்பு அதிக நாள் இரும்பாக இருப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் பாத்தி ஓரங்களில் அம்பாரமாகக் குவிந்திருக்கும் உப்பைப் படமெடுத்துக்கொண்டு சென்றுவிடுகிறார்கள். அந்த உப்பு காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்பது இங்கே குடியிருப்போருக்குத்தான் தெரியும். சன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஃபிரிட்ஜின் பின்புறம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத் தாங்கும் கம்பம் என எதுவும் தப்புவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டியதும் படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அந்த உப்புநீர்ப் படலத்தின்கீழ் துரு விரைந்து ஏறும். ஆகவே நம் ஊரில் துருப்பிடித்த ஆணியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய பொருளில் துருவே இல்லாத ஆணி கண்ணில் பட்டால்தான் இது எப்போது அடித்தது என்று கேட்கத் தோன்றும். சென்ற ஆண்டு நம்மைச் சில வாரங்கள் சிந்தனையில் ஆழ்த்திய ஒரு விவகாரம் அப்படிப்பட்ட நான்கு ஆணிகளிலிருந்து தொடங்கியது.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நோயுற்று வஃபாத்தானார். மனைவி, ஒரு மகன், இரு பெண்மக்கள். ஜனாஸா தொழுகைக்கு முன் வழக்கப்படி மகன் எழுந்து நின்று, தன் அத்தா யாருக்கேனும் கடன் வைத்திருந்தால் அதற்குத் தான் பொறுப்பு என்று அறிவித்தான். மூன்றாம் நாள் ஒரு வியாபாரி வந்து, 3 லட்சம் ரூபாய்க்கான எழுத்தைக் காட்டினார். கையெழுத்து மறைந்தவருடையதுதான். அடக்கச் செலவுக்குப் பின் கடன், கடனுக்குப் பின் வஸிய்யத், அதற்குப் பின்னரே வாரிசுகளின் பங்கு என்ற வரிசையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மக்தபிலேயே சொல்லித் தருகிறோம். இந்தப் பையனும் நம்மிடம் ஓதியவன். விற்கத்தக்க பொருளென்று அவர்களிடம் இருந்தது, கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றுதான். மறைந்தவர் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் மூலம் ஆசைப்பட்டு வாங்கியது. "அறுபத்தஞ்சாம் வருஷத்து வண்டி" என்று பெருமையாகச் சொல்லுவார். மழை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் ஜும்ஆவுக்கு வருவார்.

சென்னையிலிருந்து ஓர் இளைஞர் அதைக் கேட்டார். அவருடைய தாத்தாவிடம் ஹெரால்டு இருந்ததாம். அவருக்கு அது ஓர் ஏக்கம். வண்டி 1965-ஆம் ஆண்டின் அசல்தான் என்று உறுதியானால் 4,50,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். என்ஜின் அறையில் இருக்கும் அடையாளத் தகட்டின் படமும், சேஸ் எண்ணின் பென்சில் அச்சும், ஆர்.சி. புத்தகத்தின் நகலும் அனுப்பச் சொன்னார். கூடவே இரு சாட்சிகளின் கையெழுத்துடன் விற்பனைப் பத்திரம். அந்தச் சாட்சிகளில் ஒருவராக நம்மை வைக்க வேண்டுமென்று பையன் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இறங்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றி இறங்கியது. அதைப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திவிட்டு, பார்க்காத பொருளுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட நமக்கு மனம் ஒப்பவில்லை. "முதலில் வண்டியைப் பார்ப்போம் தம்பி" என்றோம்.

வண்டியைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். ஹெரால்டு நம் மண்ணில் பிறந்த கார். 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் கார்களைச் செய்தது. முதலில் வான்கார்டு, பின்பு ஸ்டாண்டர்டு டென், 1961-இலிருந்து இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. என்ஜின். அதன்பின் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000, 1988-இல் ஆலைக்கே பூட்டு. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவின் அம்பாசிடரும் பம்பாயின் பியட்டும் ஓடிய காலத்தில் தெற்கத்திக் குடும்பங்கள் நம்ம ஊர் வண்டி என்று சொல்லிக்கொள்ள இருந்தது இதுதான். நம் விவகாரத்துக்கு வேண்டிய செய்திகள் இரண்டு. அம்பாசிடரிலும் பியட்டிலும் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தது போல இருக்கும். ஹெரால்டு அப்படியன்று: கீழே தனியாக ஒரு சேஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல். கழற்றலாம், வேறொன்றை ஏற்றலாம். இரண்டாவது செய்தி, தொடக்க கால ஹெரால்டுகளுக்குக் கதவு இரண்டு. நான்கு கதவு ஹெரால்டு 1960-களின் பிற்பகுதியில்தான் வந்தது.

இந்த இரண்டாவது செய்தி நமக்கு அப்போது தெரியாது. திண்டிவனத்தில் ஒரு காலத்தில் ஹெரால்டு வேலைக்கென்றே பெயர் பெற்றிருந்த மெக்கானிக் ஒருவருக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியவர், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். அவரை அழைத்துக்கொண்டு அஸருக்குப் பின் கொட்டகைக்குப் போனோம். தார்ப்பாயை விலக்கியதும் அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "புஸ்தகத்துல எந்த வருஷம் போட்டிருக்கு?" என்று கேட்டார். 1965 என்று பையன் சொன்னான். அவர் பின்கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "அறுபத்தஞ்சுல இந்தக் கதவு ஏது தம்பி?" என்றார்.

அதன்பிறகுதான் பானெட் திறந்தது. ஹெரால்டின் பானெட் முன்சக்கர மூடிகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். என்ஜினைச் சுற்றி மூன்று பக்கமும் நின்று பார்க்கலாம். தகடு இருந்தது. எண் இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த நான்கு ரிவெட்டுகளும் வெள்ளி போலப் பளபளத்தன. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளியிருந்த திருகாணிகள் துருவில் கரைந்து தலையே இல்லாமல் இருந்தன. ரிவெட்டுகளின் நடுவில் சிறு துளை. கைத் துப்பாக்கி போன்ற கருவியால் அடிக்கும் பாப் ரிவெட் என்று மெக்கானிக் சொன்னார். தகட்டின் எண்ணில் 4 இரண்டு முறை வந்தது. ஒரு 4-இன் தலை மூடியிருந்தது, மற்றதன் தலை திறந்திருந்தது. ஒரே அச்சுத் தொகுப்பால் பொறித்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்திருக்கும். தகட்டின் ஓரத்தில் டார்ச் அடித்துச் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். தகட்டுக்கு அடியிலும் வெளியில் அடித்த அதே புதிய பெயிண்ட். அதாவது பெயிண்ட் காய்ந்த பின் தகடு ஏறியிருக்கிறது.

பையனின் முகம் வெளுத்தது. திருட்டு வண்டியோ என்ற அச்சம். மெக்கானிக் அவசரப்படவில்லை. சேஸில் எண் பொறித்த இடத்தைத் தேடினார். உப்புக் காற்று அங்கே நன்றாகவே வேலை செய்திருந்தது. உப்புத் தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நெடுநேரம் துடைத்தார். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெயர் மாற்றத்துக்கும் தடையின்மைச் சான்றுக்கும் எடுக்கும் அதே பென்சில் அச்சு. நான்கு தாள்கள் வெறும் கறுப்பாக வந்தன. ஐந்தாவதில் எண்கள் எழுந்தன. ஓர் இலக்கத்தைத் துரு தின்றிருந்தது. மற்றவை புத்தகத்தோடு ஒத்தன. எவரேனும் எண்ணை அழித்து மாற்றியிருந்தால் அங்கே அரத்தின் நேர்க்கோடுகள் இருக்கும், இங்கே குழி குழியாகக் கடல் அரித்த தழும்புதான் என்றார். அப்படி அரத்தால் அழித்தாலும் முழுதாக அழியாது என்பதும் அப்போது தெரிந்துகொண்ட செய்தி. பஞ்ச் அடிக்கும்போது எண்ணுக்கு அடியிலுள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும், தடயவியல் கூடத்தில் அமிலம் தடவினால் நசுங்கிய பகுதி மற்ற பகுதியிலிருந்து வேறுபட்டுத் தெரியுமாம். மனிதன் மேலே மறைப்பதை உலோகம் உள்ளே நினைவில் வைத்திருக்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் இப்படியும் ஓர் ஏற்பாடு.

என்ஜின் எண் புத்தகத்தின் முதல் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் புத்தகத்திலேயே பழைய எண்ணை அடித்து, புதிய எண்ணை எழுதி, தேதியிட்டு, அதிகாரியின் முத்திரை இருந்தது. யாரோ ஒரு பழைய உரிமையாளர் என்ஜினை மாற்றியபோது முறையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாற்றம் நமக்கு எந்தக் கலக்கமும் தரவில்லை.

இருட்டுவதற்குள் மெக்கானிக் தம் முடிவைச் சொல்லிவிட்டார்: "நம்பர் நெஜம். தகடு புதுசு. ஒடம்பு வேற வண்டியோடது." 1965-இன் சேஸ் அசல். அதன்மேல் இருந்த இரண்டு கதவு உடல் துருவிலோ விபத்திலோ போயிருக்கும். பிற்காலத்து நான்கு கதவு உடலொன்றை ஏற்றி முடுக்கியிருக்கிறார்கள். பழைய உடலோடு தகடும் போயிருக்கும். எண்ணைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்து ஒட்டியிருக்கிறார்கள். இதைச் செய்தவர் மறைந்த சகோதரர் அல்லர். அவர் வாங்கும்போதே வண்டி இப்படித்தான் இருந்தது என்பதற்கு, வாங்கிய வாரத்தில் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் ஒன்று சாட்சியாக இருந்தது. அதிலும் கதவு நான்கு.

அந்தக் கதவைப் பற்றி மெக்கானிக் கேட்ட கேள்வி நமக்குப் பாடத்தில் படித்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டியது. ஹிஜ்ரி 463-இல் மறைந்த பேரறிஞர் கதீப் பக்தாதி (ரஹ்) அவர்களின் காலத்தில் ஓர் ஆவணம் பக்தாத் அமைச்சரிடம் வந்தது. கைபர் மக்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாக அதில் எழுதியிருந்தது. ஸஹாபாக்களின் பெயர்கள் சாட்சிகளாக இருந்தன. அமைச்சர் அதைக் கதீபிடம் காட்டினார். கதீப் பார்த்துவிட்டு இது போலி என்றார். எப்படி என்று கேட்டதற்கு, சாட்சிகளில் முஆவியா (ரலி) இருக்கிறார், அவர் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7-இல். இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்களோ அகழ்ப் போருக்குப் பின் ஹிஜ்ரி 5-இலேயே ஷஹீதாகிவிட்டார்கள் என்று விளக்கினார். எழுத்தின் அழகையோ முத்திரையின் நேர்த்தியையோ அவர் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தார். 1965-ஆம் ஆண்டு வண்டியில் பிற்காலத்துக் கதவு இருப்பதைக் கண்ட திண்டிவனத்து மெக்கானிக்கும் கதீப் செய்ததைத்தான் செய்தார். அவரிடம் இதைச் சொன்னபோது வெட்கத்துடன் சிரித்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

இரவு ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஹதீஸ் மாணவர்களுக்கு இது பழகிய வேலை. இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று பெயர்கள் தொடர்கின்றன. முதல் உரிமையாளர் சென்னையில், பிறகு கடலூர், அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. திடீரென நகல் புத்தகம் வழங்கப்பட்ட குறிப்பு, புதிய பெயர். முந்தையவர் கையிலிருந்து இவர் கைக்கு எப்படி வந்தது என்பது இல்லை. இடையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்ட தொடரை முன்கதிஃ என்போம், அறுந்த தொடர். உடல் மாறியது அந்த இடைவெளியில்தான் என்று ஊகிக்கலாம். அதற்குமேல் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. இக்காலத்து வண்டிகளுக்கு உலக அளவில் ஒரே முறையில் 17 எழுத்தெண்கள் இருக்கின்றன. ஒன்று, பூஜ்யம் என்னும் இலக்கங்களோடு குழம்பக்கூடாதென்று ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகளையே அதில் சேர்ப்பதில்லை. பழைய வண்டிகளின் குட்டை எண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தகடு, சேஸ், உடல், புத்தகம், கைமாறிய வரலாறு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இனி வந்தது கடினமான பகுதி. மறுநாள் வீட்டில் பேசினோம். மறைந்தவரின் சகோதரர் ஒருவர், நல்ல மனிதர், தம் அண்ணன் கடனோடு கிடக்கிறாரே என்ற தவிப்பில் சொன்னார்: வாங்குகிறவர் கேட்டது எண்ணை; எண் சரியாக இருக்கிறது; புத்தகம் சரியாக இருக்கிறது; கதவை அவரே வந்து பார்த்துக்கொள்ளட்டும்; கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும்? இடையில் ஒரு தரகர் வேறு, பளபளக்கும் தகட்டை எடுத்துவிட்டு, பழையது போல் கறுக்கவைத்த தகடொன்றைத் துருப்பிடித்த ரிவெட்டுடன் பொருத்தித் தர ஐயாயிரம் கேட்டிருந்தார். 4,50,000-இல் கடன் 3 லட்சம் போக, பெண்பிள்ளைகளின் பங்குக்கும் ஏதேனும் நிற்கும். உண்மையைச் சொன்னால் கடனே அடையுமா என்பது ஐயம்.

கடனின் பாரம் சாதாரணமானதன்று. இரண்டு தீனார் கடன் வைத்து இறந்த ஒருவருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழ முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுததும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நமக்கும் அதுவே நெஞ்சில் இருந்தது. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்தார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வந்தது. அந்தத் தானியக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை நனைத்ததை உள்ளே தள்ளியிருந்தார், அவ்வளவே. விற்பனைக்கு முன் கால்நடையின் மடியில் பாலைத் தேக்கிவைத்து நிறையக் கறப்பது போல் காட்டுவதையும் தடுத்தார்கள். பாலும் அந்த ஆட்டின் பால்தான். காட்டிய விதத்தில்தான் ஏமாற்று. கறுக்கவைத்த தகடும் அந்த மடியைப் போன்றதே.

இதற்கு நம் சட்ட நூல்கள் வைத்திருக்கும் பெயர் தத்லீஸ். இருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குறையை இருட்டில் வைப்பது. ஹதீஸ் கலையிலும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். தம் ஆசிரியரிடம் நேரில் கேட்காததைக் கேட்டது போன்ற சொற்களில் அறிவிப்பவர், பலவீனமான ஓர் ஆசிரியரின் பெயரை நடுவிலிருந்து நைசாக உருவிவிடுபவர் ஆகியோரை முதல்லிஸ் என்பார்கள். பெரும் பெயர் பெற்ற சிலரையும் இந்தக் காரணத்தால் எச்சரிக்கையோடு அணுகினார்கள். பொய்யன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றி ஏற்கமாட்டோம் என்றார்கள். சந்தையின் குற்றத்துக்கும் அறிவின் குற்றத்துக்கும் ஒரே பெயர் வைத்த முன்னோரின் கூர்மை இந்தக் கொட்டகையில் நிற்கும்போதுதான் நமக்கு முழுதாக விளங்கியது. "எல்லாக் குறையோடும் இருப்பது போலவே விற்கிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்றும் கேட்டார்கள். விற்பவருக்கே தெரியாத குறைகளில் அப்படிப்பட்ட நிபந்தனை எவ்வளவு செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே பேச்சு இருக்கிறது. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் பேச்சில்லை.

நாம் விற்பவர் அல்லர், வாங்குபவரும் அல்லர். பேசாமல் சாட்சியிலிருந்து விலகிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வரத்தான் செய்தது. அதை அடைத்தது வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி. ஒருவர் ஒட்டகம் வாங்கிப் போகிறார். வாஸிலா அவர் பின்னால் விரைந்து சென்று, இது இறைச்சிக்கா பயணத்துக்கா என்று வினவி, ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றதும், இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். விற்றவர் வருந்தியபோது, குறையை அறிந்தவர் எவராயினும் அதைச் சொல்லாமலிருப்பது ஆகுமானதன்று என்று நபிகளாரிடம் தாம் கேட்டிருப்பதாக விளக்கினார்கள். இதை வீட்டாரிடம் சொன்னோம். நீங்கள் விற்கத் தீர்மானித்தால் அவரிடம் நாமே சொல்ல வேண்டியவராக இருக்கிறோம், அதைவிட நீங்கள் சொல்வது அழகு என்றோம்.

திரைக்கு அப்பாலிருந்து மறைந்தவரின் மனைவி பேசினார். "ஹஜ்ரத், அவரு கடனோட போயிட்டாருன்னுதான் எனக்குத் தூக்கமில்ல. இன்னொரு வீட்டுப் புள்ளைய ஏமாத்துன காசுல அடைச்சா அது அடைஞ்ச கடன் ஆகுமா?" மறைந்தவரின் சகோதரர் அதற்குப்பின் ஒன்றும் சொல்லவில்லை. பையன் அங்கேயே கைப்பேசியை எடுத்துச் சென்னைக்குப் பேசினான். பென்சில் அச்சையும், ரிவெட்டின் படத்தையும், கடற்கரைக் குடும்பப் படத்தையும் சேர்த்து அனுப்பினான்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அந்த இளைஞர் நேரிலேயே வந்தார். விவரம் தெரிந்தவர்தான், ஹெரால்டின் கதவைப் பற்றித்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வகுத்ததை அவர்தான் விளக்கினார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ளவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உடல் மாறிய இந்த வண்டியை அசல் என்று காட்டி அந்தத் தகுதி கேட்பது இனிச் சரியாகாது என்று அவரே சொன்னார். நாம் மறைத்திருந்தால் பொய்யான விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்து அல்லவா இருந்திருக்கும் என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

தேநீர் குடித்துக்கொண்டே அவர் சொன்ன ஆங்கிலேய வழக்கு ஒன்று சுவையாக இருந்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ எனப்பட்ட பென்ட்லி கார் பிரான்ஸின் லெமான் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் வென்றது. பின்னர் என்ஜினும் சேஸும் உடலும் மாறி மாறி, 1932-இல் ஒரு பந்தயத்தில் ஓட்டியவர் உயிரிழக்கும் விபத்தையும் கண்டது. பல ஆண்டுகள் கழித்து அதைப் பெருந்தொகைக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன், உறுப்புகள் மாறினாலும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்கிறது, ஆகவே அது அந்தக் கார்தான் என்று தீர்ப்பளித்தார். "அப்படிப் பார்த்தால் இதுவும் அறுபத்தைந்துதானே, ஹஜ்ரத்?" என்று இளைஞர் சிரித்தார். அங்கே ஒவ்வொரு மாற்றமும் பலரறிய நடந்து பதிவாகியிருக்கிறது, இங்கே நடுவில் சில ஆண்டுகள் இருட்டு. தொடர் அறுந்த இடத்தில் அந்த நீதிபதியும் தயங்கியிருப்பார் என்றோம். ஒப்புக்கொண்டார்.

விலை 2,60,000 என முடிந்தது. பத்திரத்தைப் பையன் தன் கையாலேயே எழுதினான்: சேஸ் எண் அசல், ஓர் இலக்கம் துருவில் மங்கியுள்ளது, என்ஜின் மாற்றப்பட்டுப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது, உடல் பிற்காலத்தியது, அந்த மாற்றம் பதிவாகவில்லை, என்ஜின் அறைத் தகடு புதிதாகச் செய்தது. நாம் மனநிறைவோடு சாட்சிக் கையெழுத்திட்டோம். புத்தகத்திலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே உடல் மாற்றத்தை அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்யும் பொறுப்பை வாங்கியவர் ஏற்றுக்கொண்டார்.

இதைப் படிப்போர் வீடுகளிலும் அத்தாவின் பழைய அம்பாசிடரோ, சாச்சாவின் பியட்டோ, லாம்பி ஸ்கூட்டரோ கொட்டகையில் நிற்கலாம். பேரார்வத்தில் புதிதாகப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது, டிங்கர் வேலை செய்பவர் தகட்டைக் கழற்றி எங்கேயோ போட்டுவிடுவார். பட்டி பூசும்போது எண்ணையும் சேர்த்து மூடிவிடுவார். கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் படமெடுத்து, பென்சில் அச்சும் எடுத்து, புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். எண் துருவில் மங்கினால் பட்டறைக்காரரிடம் சொல்லி மேலே பஞ்ச் அடிக்கச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பார்ப்பவருக்கு அது திருட்டு வண்டியின் அடையாளம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் மட்டுமே செய்யுங்கள். வாங்குபவராக இருந்தால் தகட்டைக் கடைசியாகப் பாருங்கள்.

தகட்டை அந்த இளைஞர் கழற்றி நம்மிடமே கொடுத்துவிட்டார். தத்லீஸ் பாடம் வரும்போது மாணவர்களிடம் கொடுக்கிறோம். இரண்டு 4-ஐயும் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கடைசி வரிசைப் பையன்களே முந்துகிறார்கள். வண்டிப் பணம் 2,60,000-உம் அன்று மாலையே கடன் கொடுத்த வியாபாரியிடம் சேர்ந்தது. மீதி 40,000-க்கு அவர் இந்த உப்புப் பருவம் முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார். பையன் பாத்தியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறான். சித்திரை முடிய 15,000 கட்டியாயிற்று. இனி மழை தொடங்குவதற்குள் 25,000.